கொரியப் பூக்கோவா: தாச்சியா, எயார் ஃப்ரையரா?

முதல் மூன்று மாதம் தாச்சியில் பொரித்தேன். அதன்பிறகு எட்டு மாதமாக எயார் ஃப்ரையரில் செய்கிறேன். பூக்கோவாவும் மாறவில்லை, சோஸும் மாறவில்லை. எது நல்லது என்று கேட்டால் எயார் ஃப்ரையர் என்றுதான் சொல்வேன். ஆனால் ருசியில் தாச்சிதான் முந்தும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எண்ணெயில் பொரித்தது போலவே இருக்கும்" என்ற பேச்சை நம்பி வாங்கினால் முதல் நாளே மனம் சலித்துப்போகும்.

மகள் கொரிய நாடகங்கள் பார்க்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்குள் வந்த ஆசை இது. அங்கே அவர்கள் விரும்பிச் சாப்பிடுவது யாங்ன்யொம் கோழி. மா பூசி இரண்டு தரம் பொரித்து, காரமும் இனிப்பும் கலந்த சிவப்புச் சோஸில் புரட்டியெடுப்பார்கள். என் அம்மா மச்சம் தொடுவதில்லை. மற்றவர்களுக்கும் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான். அதனால் கோழி இருந்த இடத்தில் பூக்கோவா வந்தது.

சோஸ் இரண்டு முறைக்கும் பொது. உடைத்த பூக்கள் 600 கிராம் அளவில் இருந்தால், கொச்சுஜங் 2 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1, தக்காளி சோஸ் 1, சீவிய பனங்கட்டி 2, நசுக்கிய உள்ளி 6 பல்லு, வினாகிரி 1 தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர். மெல்லிய நெருப்பில் பளபளப்பு வரும்வரை காய்ச்சினால் போதும். கொச்சுஜங் என்பது மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, புளிக்கவைத்த சோயா மா, உப்பு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவிடும் களி. அது கிடைக்காத நாளில் நம்முடைய யாழ்ப்பாண மிளகாய்த்தூளைப் போட்டுவிடாதீர்கள். அதில் மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் வறுத்துச் சேர்ந்திருக்கிறது. ஒரு கரண்டி விழுந்தாலே கறி வாசம் வந்துவிடும். செத்தல் மிளகாயை விதை நீக்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பது மேல். புளித்த வாசம் வராது, நிறமும் காரமும் வரும். பனங்கட்டி என் சொந்தச் சேர்க்கை. சீனி போட்ட சோஸில் இல்லாத ஒரு ஆழம் அதில் இருக்கிறது. கடைசியில் கொரியர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் எடுப்பது, வாசம் வேறு. நல்லெண்ணெயை ஊற்றி, மேலே எள்ளை வறுத்துத் தூவினால் அந்த வாசத்துக்குக் கிட்டப் போகலாம்.

சரி, தாச்சிக்கு வருவோம்.

சோளமாவும் அரிசிமாவும் கரைத்த கலவையில் பூவைத் தோய்த்து, 170, 180 பாகை சூட்டில் இருக்கும் எண்ணெயில் போட்டதும் எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கிறது. மாவில் உள்ள நீர் ஒரேயடியாக ஆவியாகிப் பொங்குகிறது. அந்தப் பொங்கலில்தான் சின்னச் சின்ன ஓட்டைகளோடு மொறுமொறுப்பான ஓடு உண்டாகிறது. ஒரு தரம் பொரித்து எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, திரும்பவும் இரண்டு நிமிடம் போட்டால், உள்ளே இருந்து வெளியே வந்த ஈரமும் போய்விடும். பூக்கோவாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான்; இரண்டாவது பொரியல் இல்லாவிட்டால் சோஸ் பட்டதும் தளர்ந்துவிடும். இரண்டு தரம் பொரித்தது சோஸோடு இருபது நிமிடம் வரை மொறுமொறுப்பாக நின்றது. எயார் ஃப்ரையரில் எனக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் நின்றதில்லை.

எயார் ஃப்ரையர் என்பது விசிறி பூட்டிய சின்னப் போறணைதான். மேலே சூட்டுக்கம்பி, அதன் சூட்டை விசிறி சுழற்றி அடிக்கிறது. காற்று எண்ணெயைப் போல் வேகமாகச் சூட்டைக் கொடுப்பதில்லை. மா பொங்குவதற்கு முன்பே காய்ந்துவிடும். நான் முதல் நாள் தாச்சிக்குக் கரைப்பது போலவே தண்ணியாகக் கரைத்துப் போட்டேன். பாதி மா தட்டின் ஓட்டைகளால் ஒழுகிக் கீழே அப்பமாக வெந்து கிடந்தது. பூவெல்லாம் வழுக்கையாக வந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இப்போது செய்வது இப்படி. பூவை மஞ்சளும் உப்பும் போட்ட சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, புழுப் பூச்சி போனதும் வடித்து, துணியில் பரப்பி அரை மணி நேரம் காயவிடுகிறேன். இந்த அரை மணியைக் குறைக்க வழியில்லை. பிறகு உப்பு, இஞ்சி உள்ளி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, சோளமா 4 கரண்டியும் அரிசிமா 2 கரண்டியும் உலர்வாகவே தூவிக் குலுக்குகிறேன். எண்ணெயும் பூவின் ஈரமுமே மாவைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக வைத்து 190 பாகையில் 9 நிமிடம். திருப்பிப் போட்டு, வெள்ளையாக மா தெரியும் இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்டுத் தடவி, 200 பாகையில் இன்னும் 5 நிமிடம். வெளியே எடுத்துச் சோஸில் மெல்லிசாகப் புரட்டி, 180 பாகையில் மூன்றே நிமிடம். அதற்கு மேல் போகக் கூடாது. சோஸில் இனிப்பு இருப்பதால் சட்டென்று கருகும். இப்படி வருவது தாச்சியில் வரும் ஓடு அல்ல. மெல்லிய, கொஞ்சம் வறண்ட தோல். ஆனால் உள்ளே பூவின் ருசி கூடுதலாகத் தெரியும், எண்ணெய் மூடிவிடுவதில்லை. அம்மாவுக்கு இதுதான் பிடிக்கிறது. மகளுக்கு இன்னும் தாச்சிப் பொரியல்தான்.

பெரிய மின் போறணை வைத்திருப்பவர்கள் அதில் செய்யலாம். நான்கு தட்டுப் பூக்கோவாவுக்கு அதைச் சூடாக்கி எடுக்கும் நேரத்தில் எனக்குப் பசி போய்விடும். அதை விடுகிறேன்.

மின்சாரச் செலவு பெரிதாகத் தோன்றினாலும் கணக்குப் போட்டால் அப்படியில்லை. 1500 வாட் பெட்டி இருபது நிமிடம் முழுச் சூட்டில் ஓடினால் அரை யூனிட். எங்கள் 4 லீட்டர் கூடைக்கு ஒரு முழுப் பூக்கோவாவை இரண்டு தரமாகப் போட வேண்டும், ஆக ஒரு யூனிட்டுக்குள் முடிகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது பிளக். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் ஆறரை அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் சின்ன மூன்று உருளைக் கால் 5 அம்பியர் பொயின்ட்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் வயர் சூடாகும். 13 அல்லது 15 அம்பியர் பொயின்ட் குசினியில் இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, கனடாவில் இருந்து வரும் உறவுக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே இலங்கையில் கொளுவினால் எரிந்துபோகும். லண்டனில் இருந்து வருவது பொருந்தும், பிளக்கும் அதே 13 அம்பியர் சதுரக் கால்தான்.

2022 பொருளாதார நெருக்கடியில் காஸுக்கு வரிசையில் நின்றதையும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் யாரும் மறக்கவில்லை. ஆகையால் ஒன்றை மட்டும் நம்பிக் குசினியை அமைக்க எனக்கு இன்னும் தைரியமில்லை. தாச்சி அடுப்படியில்தான் இருக்கிறது.

என்னை மாற்றியது மிஞ்சிய எண்ணெய்.

ஒரு தாச்சியில் பூ மிதந்து பொரிய முக்கால் லீட்டராவது வேண்டும். பூ குடிப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் அரை லீட்டருக்கு மேல் மிஞ்சும். அதை என்ன செய்வது? மாக் கலவையில் பொரித்த எண்ணெய் பப்படம் பொரித்த எண்ணெய் போலத் தெளிவாக இருக்காது. உதிர்ந்த மாத் துகள் அடியில் கருகிக் கிடக்கும், இஞ்சி உள்ளி வாசம் ஏறியிருக்கும். வடிகட்டிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். கத்தரிக்காய் பொரித்தேன், இரண்டு நாள் தாளிதத்துக்கு எடுத்தேன். மூன்றாம் தரம் சூடாக்கியபோது வழக்கமான சூடு வருவதற்கு முன்பே புகைந்தது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் அப்படித்தான், ஒவ்வொரு தரமும் புகையும் சூடு இறங்கிக்கொண்டே வரும். மீன் பொரிக்கலாமே என்றால், மீன் பட்ட பிறகு அந்த எண்ணெய் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. ஆகவே மச்சப் போத்தல் ஒன்று, மரக்கறிப் போத்தல் ஒன்று என்று இரண்டு போத்தல்கள். இரண்டாம் மாதமே குசினித் தட்டில் மூன்று போத்தல் கறுத்த எண்ணெய் நின்றது. தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அதைக் கொட்டவும் மனம் வரவில்லை, சாப்பிடவும் மனம் வரவில்லை.

ஒருநாள் பின்னேரம் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வளவுப் பக்கம் போனேன். அம்மா கண்டுவிட்டார். "உதைக் கிணத்தடிப் பக்கம் ஊத்திப்போடாதை பிள்ளை," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போத்தலோடு திரும்பி வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிய மழைத் தண்ணீரை. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய, மேலே மண் பல இடங்களில் மெல்லிசு. நிலத்தில் ஊற்றுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்று 2014, 2015 காலத்தில் சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். அது இயந்திர எண்ணெய், நான் கையில் வைத்திருந்தது சமையல் எண்ணெய், இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கிணற்றுக்குப் பக்கத்தில் எண்ணெயைச் சாய்க்க எனக்குக் கை வராது. தொட்டியில் ஊற்றினால் குழாயில் படிந்து அடைக்கும், அதுவும் போய்ச் சேருவது வளவுக்குள் இருக்கும் குழிக்குத்தான். கடைசியில் பொச்சுமட்டையில் ஊறவைத்து, வெளி அடுப்பு மூட்டும்போது எரித்து முடித்தேன். மூன்று போத்தல் தீர மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமையும் பூக்கோவா செய்யவில்லை.

எயார் ஃப்ரையரில் ஒரு முழுப் பூக்கோவாவுக்குச் செலவாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அதில் மிஞ்சுவது எதுவும் இல்லை. கூடையின் அடியில் கசிந்ததைக் கடதாசியால் துடைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டு ஊறவைத்தால் ஐந்து நிமிட வேலை. சோஸ் காய்ந்து பிடித்தால் கம்பித் தும்பால் உரஞ்சக் கூடாது, ஒட்டாத பூச்சு போய்விடும். எங்கள் பெட்டியில் இதுவரை கீறல் இல்லை. எட்டு மாதம் சின்னக் காலம்தான். மூன்று வருடம் பாவித்தவர் சொல்வதுதான் பூச்சு விஷயத்தில் பெறுமதியானது, என் சொல்லல்ல.

ஆட்கள் கூடினால் கதை வேறு. பத்துப் பேருக்கு மூன்று முழுப் பூக்கோவா என்றால், எயார் ஃப்ரையரில் ஆறு தரம் போட வேண்டும். முதல் தட்டு ஆறிய பிறகுதான் கடைசித் தட்டு வரும். அப்படியான நாளில் நானும் தாச்சியைத்தான் ஏற்றுவேன். ஆனால் எண்ணெயை அளந்து, சின்னத் தாச்சியில், நாலைந்து பூவாகப் போடுகிறேன். கால் லீட்டரில் முடிகிறது. நேரம் எடுக்கும், போத்தல் நிறையாது.

கொச்சுஜங் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெறும் கொச்சுஜங்கில் பெரும்பாலும் மச்சம் இருக்காது, ஆயத்தமாக விற்கும் கொரியச் சோஸ்கள் சிலவற்றில் நெத்தலியோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். அதே கவனம் கூடைக்கும் வேண்டும். கோழி வைத்த கூடையை எவ்வளவு கழுவினாலும் சூடேறும்போது அந்த வாசம் வரும். வாங்கிய அன்றே எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம்: எயார் ஃப்ரையருக்குள் மச்சம் போகாது. மீன் பழையபடி தாச்சியில் பொரியும், அந்த எண்ணெய் மீனுக்கு மட்டும். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா தானே கூடையை இழுத்து, சோஸ் படாத நாலு பூவைத் தனக்கென்று எடுத்து வைக்கிறார்.