யுரேனியம் ஏறியது, என் பங்கு விழுந்தது

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஒரு சின்ன யுரேனியக் கம்பனியின் பங்குகளை, ஒன்று 62 சதப்படி, 18,000 டாலருக்கு வாங்கினேன். மகளின் படிப்புக்கென்று சேர்த்த காசு. இன்றைக்கு அதன் பெறுமதி 1,100 டாலர்.

2023 ஜனவரி கடைசியில், தெரிந்த வீட்டு விருந்தொன்றில் ஓர் அண்ணை இந்தக் கதையைத் தொடங்கினார். அடுத்த நாளே என்னைத் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு யுரேனியம் வருடக்கணக்காக விழுந்து, 2016 கடைசியில் ஒரு இறாத்தல் 20 டாலருக்கும் கீழே போனது. கமெகோ என்ற கனடிய யுரேனியக் கம்பனி 2018இல் நிறுத்திய மக்ஆர்தர் ரிவர் சுரங்கத்தை 2022இல் திரும்பத் திறந்தது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய 40 வீதம் கசகஸ்தானுடையது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கம்பனியை மட்டும் தேடிப் பார்க்கவில்லை.

"சிகார் லேக் சுரங்கம் இருக்கிற அதே பக்கத்தில்தான் இவையின்ர காணியும், தம்பி" என்றார். வடக்கு சஸ்காச்சுவானில் காணி இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் வேலிக்கு அங்கால் நல்ல தண்ணீர், இங்கால் உவர். கிணறு வெட்டினவர்களுக்கு இது தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த சிகார் லேக்கையே 1981இல் கண்டுபிடித்து, இடையில் 2006இல் வெள்ளம் புகுந்து, 2014இல்தான் தாது எடுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு கம்பனியின் அறிக்கை ஒன்று குழுவில் வந்தது. துளைபோட்டு எடுத்த கல்லில் கைக்கருவி நொடிக்கு 2,400 எண்ணிக்கை காட்டியதாம். எல்லோரும் கைதட்டிப் படம் போட்டார்கள். அது கதிர்வீச்சு அளவு மட்டுமே. கல்லில் எத்தனை வீதம் யுரேனியம் என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும். இரண்டு மாதம் கழித்து ஆய்வுகூட முடிவு வந்தது: அரை மீற்றருக்கு 0.04 வீதம். சிகார் லேக் தாதுவில் பத்து வீதத்துக்கும் மேல். அந்த முடிவை யாரும் குழுவில் போடவில்லை.

அதற்குள் பங்கு விழத் தொடங்கியிருந்தது. 2022 ஒக்டோபரில் கம்பனி தனக்கு வேண்டியவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பங்கை 12 சதத்துக்குக் கொடுத்திருக்கிறது. அப்படி வாங்கினவர்கள் நாலு மாதத்துக்கு விற்க முடியாது. பெப்ரவரியில் அந்தத் தடை முடிந்தது. நான் வாங்கியது அதற்கு மூன்று கிழமை முன்னால். யாருடைய பங்குகளை வாங்குவதற்கு எங்களைத் தேடினார்கள் என்று இப்போது விளங்குகிறது. இன்னொன்று: பங்கைப் பிரபலப்படுத்த அந்த அண்ணைக்கே கம்பனி காசு கொடுத்திருக்கிறது. அவர்களுடைய பத்திரத்திலேயே இருக்கிறது. எங்களிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

2024 ஜனவரியில் யுரேனியம் 100 டாலரைத் தாண்டியது. அந்தக் கிழமை என் பங்கு 9 சதம். அந்த அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பொறு தம்பி, பெரிய ஆக்கள் அமுக்கி வச்சிருக்கினம்" என்றார். அப்புறம் ஒரு காலை கணக்கைத் திறந்தால் விலை பத்து மடங்கு! ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. கீழே பார்த்தால் 29,000 பங்கு 2,900 ஆகியிருந்தது. பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

நான் சொன்ன பத்திரங்கள் எல்லாம், கனடாவில் பங்கு விற்கும் கம்பனிகள் தங்கள் அறிக்கைகளைப் பதிவு செய்யும் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கம்பனியின் பெயரைப் போட்டு, கடைசியாக யாருக்கு என்ன விலைக்குப் பங்கு கொடுத்தார்கள், விளம்பரத்துக்கு யாருக்குக் காசு போனது என்று பாருங்கள். ஆலோசனை சொல்பவர் பதிவு பெற்றவரா என்பதையும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் மாகாண ஆணையங்களின் தேடல் பக்கத்தில் பார்க்கலாம். இவருடைய பெயர் அங்கே இல்லை.

நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். இதே ஆள் இப்போது ஒரு செம்புக் கம்பனியைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார். நீங்களும் அந்தக் குழுவில் இருந்தால், கோபத்தில் வெளியேறிச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். முறைப்பாட்டை எடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.