சாக்லேட்டும் மின்ட்டும்: கிரீமா, ஐஸ்கிரீமா, வோட்காவா, சூடான பாலா?

கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும் சாக்லேட்-மின்ட் காக்டெயில்களுக்கு அடிப்படை இரண்டே லிக்யூர்கள் (இனிப்பு மதுவகை): மின்ட் சுவையுள்ள கிரேம் டி மெந்த், சாக்லேட் சுவையுள்ள கிரேம் டி கக்காவ். பெயரில்தான் கிரீம், உள்ளே பால் ஒரு சொட்டும் கிடையாது. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம் சர்க்கரை இருந்தால்தான் 'கிரேம் டி' என்று போட முடியும். அத்தனை தித்திப்பை எதைக் கொண்டு தணிப்பது என்பதில்தான் செய்முறைகள் பிரிகின்றன.

மூத்தது கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. பச்சை நிறத்தால் வந்த பெயர். நியூ ஆர்லியன்ஸின் டூஜாக்ஸ் உணவகம் இதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்கிறது. பச்சை மெந்த், வெள்ளைக் (நிறமற்ற) கக்காவ், கிரீம் மூன்றும் 20 மில்லி வீதம். ஷேக்கரில் நிறைய ஐஸ் போட்டு 15 விநாடி பலமாகக் குலுக்கி, ஃப்ரீசரில் வைத்த சிறு கோப்பையில் வடிக்க வேண்டும். கக்காவ் வெள்ளையாகவே இருக்கட்டும். பழுப்பு வகையை ஊற்றினால் ருசி கெடாது. ஆனால் பாசி பிடித்த குளத்து நிறம் வந்துவிடும்.

இதில் கவனம் முழுக்க கிரீமில் இருக்க வேண்டும். 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீம் நுரையைப் பிடித்து நிறுத்தும். கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமும் பரவாயில்லை, நுரை சற்றுக் குறையும். பால் ஊற்றினால் தண்ணீர்தான். கேக்குக்கு அடிக்கும் 'விப்பிங் கிரீம்' என்று நம் ஊரில் கிடைப்பதில் பல தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தவை. அவை நாக்கில் மெழுகுபோல் ஒட்டும், தித்திப்பும் ஏறும். அட்டையைப் படித்து வாங்குங்கள். கிரீம் வெளியே கிடந்து இளஞ்சூடாகியிருந்தால் குலுக்கும்போது வெண்ணெய்த் துணுக்குகள் திரளும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம், திரிந்துவிடும்.

ஐஸ்கிரீம் வகை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில சப்பர் கிளப்புகளில் (இரவு உணவகங்களில்) பிரபலம். 150 கிராம் வெனிலா ஐஸ்கிரீமுக்கு இரண்டு லிக்யூரும் 30 மில்லி வீதம், இருவருக்கு வரும். மிக்ஸியில் 10 விநாடிக்கு மேல் ஓட்டக்கூடாது. பிளேடின் சூடும் ஆல்கஹாலும் சேர்ந்து கூழாக்கிவிடும். புட்டிகளை முந்தின இரவே ஃப்ரீசரில் வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். ஐஸ் கட்டி சேர்க்காதீர்கள். ஷேக்கர் இல்லாத வீட்டுக்கும் பெரிய கூட்டத்துக்கும் இதுதான் சுலபம். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இது இன்னொரு சாப்பாடு.

வோட்கா சேர்த்த பெப்பர்மின்ட் மார்ட்டினியில் வோட்கா 45, வெள்ளைக் கக்காவ் 30, வெள்ளை மெந்த் 15, கிரீம் 30 மில்லி. கணக்கைப் பாருங்கள்: லிக்யூர் 24 சதவீதம், வோட்கா 40 என்று வைத்தால் இதில் சுத்த ஆல்கஹால் 28.8 மில்லி; கிராஸ்ஹாப்பரில் 9.6 தான். மூன்று மடங்கு! தித்திப்பு குறைவு என்பது இதன் பலம். சாக்லேட் வாசனை அடங்கி மின்ட்டின் காரம் மேலே வருவது குறை. வோட்காவை 20 மில்லியாகக் குறைத்தால் சாக்லேட் திரும்ப வருகிறது.

சூடான வகைக்கு 200 மில்லி கொழுப்புள்ள பாலில் 40 கிராம் டார்க் சாக்லேட்டைப் போட்டு, கொதிக்கவிடாமல் துழாவிக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் 25 மில்லி மெந்த். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் மின்ட் வாசனை ஆவியோடு போய்விடும். மேலே எண்ணெய் மிதந்தால் விஸ்க் எனும் கம்பி மத்தால் நன்றாக அடியுங்கள். குளிரில்லாத இரவில் இதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

மெந்த் கிடைக்காதவர்கள் புதினாவை நசுக்கிப் போடுவதுண்டு. சட்னி வாசனைதான் வரும். சமையல் புதினாவின் மணம் கார்வோன். மிட்டாயில் இருக்கும் அந்தக் குளிர்ச்சி பெப்பர்மின்ட்டின் மென்தால். மெந்த்துக்குப் பதில் ஒரு கோப்பைக்கு 15 மில்லி சர்க்கரைப் பாகும் ஒரே ஒரு சொட்டு பெப்பர்மின்ட் எசென்ஸும் போதும். இரண்டாவது சொட்டில் பற்பசை ஆகிவிடும்.

ஒரே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் கிராஸ்ஹாப்பர். 60 மில்லி அளவு என்பதால் தித்திப்பு திகட்டுமுன் கோப்பை காலியாகிவிடும்.

விளிம்பில் உடைத்த பெப்பர்மின்ட் மிட்டாய் ஒட்டுவதானால் உருக்கிய சாக்லேட்டில் விளிம்பைத் தோய்த்து ஒட்டுங்கள். தண்ணீரில் நனைத்து ஒட்டியது சற்று நேரத்தில் கரைந்து, சிவப்பு வரிகளாக வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும்.