ஹோம் தியேட்டர் கேபிளில் 18,500 ரூபாய் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ரிசீவரும் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 5.1.2 ஸ்பீக்கர் செட்டும் (சுற்றிலும் ஐந்து, ஒரு சப்வூஃபர், சீலிங்கில் இரண்டு) வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். ஹோம் தியேட்டர் மட்டுமே விற்கும் ஷோரூம், டெமோ ரூம் எல்லாம் உண்டு. கேபிளுக்கு மட்டும் 18,500 ரூபாய். ஆப்டிகல் கேபிள் 6,500, ஸ்பீக்கர் வயர் 60 மீட்டர் 12,000.

மாட்ட வந்த தம்பி அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டரைப் பார்த்து, "இதையெல்லாம் இன்னும் பத்திரமா வெச்சிருக்கீங்களே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவரை முழுசாக நம்பிவிட்டேன். "அட்மாஸ் வேணும்னா ஆப்டிகல்தான் சார், கோல்டு பிளேட்டிங். எங்க வீட்லயும் இதான் போட்டிருக்கேன்" என்றார். அட்மாஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி ஒலி. சரி என்றேன். ஸ்பீக்கர் வயர் சுத்தமான செம்பு என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஆனால் ரிசீவரில் அட்மாஸ் என்று ஒரு நாளும் வரவில்லை. டால்பி டிஜிட்டல் என்றே காட்டியது. சீலிங்கில் மாட்டிய இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை.

போன் செய்தேன். "டிவி செட்டிங் சார்." மறுபடி செய்தேன். "உங்க ஓடிடி பிளான் பத்தாது சார்." காசு கட்டி பிளானை மாற்றினேன். அப்புறம் "கேபிள் நூறு மணி நேரம் ஓடினாத்தான் செட் ஆகும்" என்றார்கள். ஆப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம். அது ஓடிப் பழகவும் வேண்டாம், முனையில் தங்கம் பூசுவதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. நேரில் போனால் மேனேஜர் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "வெட்டின வயர் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்.

நேற்று நண்பர் ஒருவர் வந்து டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆப்டிகலைப் பிடுங்கினார். செட்டாப் பாக்ஸோடு வந்து அலமாரியில் சும்மா கிடந்த எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து, டிவியின் ஏஆர்சி போர்ட்டிலிருந்து (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) ரிசீவரின் ஏஆர்சி போர்ட்டுக்குக் கொடுத்தார். டிவியின் ஆடியோ அவுட்புட்டைப் பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றினார். அட்மாஸ் வந்துவிட்டது! ஒரு ரூபாய் செலவில்லை.

ஆப்டிகல் 1983இல் டோஷிபா கொண்டுவந்த இணைப்பு. ஸ்டீரியோவும் பழைய 5.1 டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலியும்தான் அதில் போகும். ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் வருகிறது, அது ஆப்டிகலில் போகவே போகாது. இது தெரியாமலா ஷோரூம் வைத்திருக்கிறார்கள்?

அதோடு முடியவில்லை. ஸ்பீக்கர் வயரின் முனையை நண்பர் பிளேடால் சுரண்டினார். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். சுவரை வெட்டி, பைப் பதித்து, பூசி, பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. 18,500 ரூபாய்.

காலையில் கூப்பிட்டேன். "ஓனர் ஊர்ல இல்ல." கட். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கப் போகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். டிவியிலும் ரிசீவரிலும் ஏஆர்சி அல்லது அதன் புதிய வடிவமான இஏஆர்சி போர்ட் இருந்தால் அதில்தான் மாட்டுங்கள். புளூரே பிளேயரை நேராக ரிசீவரில் கொடுங்கள். வயரைச் சுவருக்குள் விடும் முன் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் பில்லில் செம்பு என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் "கேபிள், 18,500" என்று மட்டும்தான் இருக்கிறது.