லண்டன் சென்சரா, ஆஸ்பத்திரி வீதி ஸ்ட்ரிப்பா?

அம்மாவின் சீனி வருத்தத்துக்கு எங்கள் வீட்டில் மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒன்று நியூஜெர்சியில் இருக்கும் அண்ணா அனுப்பியது. இன்னொன்று லண்டன் சித்தியின் உபயம். மூன்றாவது, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் நானே வாங்கிய, விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்துச் சீனி பார்க்கும் சாதாரண குளுக்கோமீட்டர். தினமும் கைகொடுப்பது அந்த மூன்றாவதுதான்.

முதல் இரண்டும், தோலில் ஒட்டும் சென்சர் அளக்கும் சீனியைத் திரையில் காட்டும் ரீடர்கள். அந்தச் சென்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேற்கையில் ஒட்டினால் 14 நாட்கள் இருக்கும், ஓயாமல் விரலைக் குத்த வேண்டியதில்லை. இரவுப் புட்டுக்குப் பிறகு சீனி ஏறும் என்பது எங்களுக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு அது சரிகிறது என்பதைச் சென்சரின் அளவுகள் ரீடரில் வரையும் கோடுதான் காட்டிக்கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் டொக்டர் இரவு இன்சுலினின் அளவைக் குறைத்தார்.

அண்ணா ரீடருடன் அனுப்பிய இரண்டு சென்சர்களும் தீர்ந்த நேரம், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தி மூன்று கொண்டுவந்தார். அதே பெயர், அதே பெட்டி. ஒன்றை அம்மாவின் கையில் அழுத்திவிட்டு அமெரிக்க ரீடரைக் காட்டினேன், ஏற்க மறுத்தது. ஒட்டியதைக் கழற்றி மறுபடி ஒட்ட முடியாது என்பதால் அது குப்பைக்குப் போனது. கைபேசிச் செயலியை முயன்றேன். இலங்கைக் கணக்கில் அது தேடினாலும் வரவில்லை.

பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நினைத்தது என் பிழை. ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குபடுத்தும் அமைப்பும் தனித்தனியாக அனுமதி கொடுக்கிறது. 2014இல் ஐரோப்பாவில் 14 நாள் சென்சராக வந்த ஒன்று, 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றபோது 10 நாள் சென்சராகத்தான் பெற்றது. இங்கே அந்தப் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் இருக்கிறது. சித்தியின் பயணப்பை அந்த வழியாக வருவதில்லை.

பிறகு சித்தி லண்டன் ரீடர் ஒன்றையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அது வேலை செய்தது, ஆனால் லீட்டருக்கு மில்லிமோல் கணக்கில். அலகை மாற்ற அதில் வழியில்லை. எங்கள் கிளினிக் கொப்பியிலோ எல்லாம் டெசிலீட்டருக்கு மில்லிகிராம். திரையில் 7.8 என்று கண்டதும் அம்மா பதறிவிட்டார்: "தம்பி, ஏழுக்கு இறங்கிவிட்டது, பனங்கட்டி எடுத்து வா!" 18ஆல் பெருக்கினால் அது 140. பனங்கட்டியைத் தடுத்துவிட்டேன். நான் வீட்டில் இல்லாத நாளாக இருந்திருந்தால்?

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது அலகு அல்ல, மாற்றீடு. அண்ணா அனுப்பியவற்றில் ஒன்று வியர்வையில் ஐந்தாம் நாளே உரிந்து விழுந்தது. அண்ணா நிறுவனத்தை அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார்கள், புதியது தருவதாகவும் சொன்னார்கள், அமெரிக்க முகவரிக்கு மட்டும். அங்கிருந்து இங்கு வர, யாராவது விமானம் ஏற வேண்டும். இடைவிடாமல் போடுவதென்றால் ஆண்டுக்கு 26 சென்சர் வேண்டும். அத்தனையும் ஒரே நாட்டிலிருந்து, காலாவதித் திகதிக்குள், சூட்டில் கெடாமல் வர வேண்டும். உறவினரின் விடுமுறையை நம்பி வைத்தியம் பார்க்க முடியாது.

குளுக்கோமீட்டருக்கு இந்தத் தலையிடி இல்லை. ஸ்ட்ரிப் முடிந்தால் சைக்கிளில் போய் வாங்கி வரலாம். மீட்டர் பழுதானால் விற்ற கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். ஒரே எச்சரிக்கை: மீட்டரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், அதற்குரிய ஸ்ட்ரிப் நான்கைந்து பாமசிகளில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் மலிவு என்று முதலில் வாங்கிய ஒன்று, ஸ்ட்ரிப் கிடைக்காமல் இன்றும் அலுமாரிக்குள் தூங்குகிறது. (அதையும் சேர்த்தால் வீட்டில் நான்கு கருவிகள்.) ஸ்ட்ரிப் போத்தலின் மூடியையும் இறுக மூடுங்கள், ஈரம் பட்டால் கணக்குப் பிசகும்.

இது இரண்டாம் வகை நீரிழிவுள்ள, தினமும் ஒரே நேரத்துக்குச் சாப்பிடும் எழுபது வயதுக்காரரின் கணக்கு. இரவில் சீனி சடுதியாக இறங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் சென்சரின் எச்சரிக்கை ஒலிக்காக எந்தச் சிரமமும் படலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்த அனுபவம் எனக்கில்லை.

சித்தி அடுத்த திருவிழாவுக்கும் வருகிறார். இரண்டே இரண்டு சென்சர் கேட்டிருக்கிறேன், டொக்டருக்கு ஒரு மாதக் கோட்டைக் காட்டுவதற்காக. லண்டன் ரீடரின் முதுகில் 18ஆம் வாய்ப்பாட்டை எழுதி ஒட்டியாயிற்று.