விவேக் நினைவு நாள், கோத்தகிரி: ரசிகர்கள் நடத்திய நற்பணி நாள் எப்படி இருந்தது?

ஏப்ரல் 17 வந்தால் தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் நடிகர் விவேக் படத்துக்கு மாலை போட்டு மரக்கன்று நடுவார்கள். 2021-ல் அவர் மறைந்த நாள் அது. அப்துல் கலாம் சொன்னதைத் தலைமேல் ஏற்று 'கிரீன் கலாம்' திட்டத்தைத் தொடங்கி, ஒரு கோடி கன்று என்று இலக்கு வைத்து, 30 லட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டுப் போனவர். மிச்சத்தை ரசிகர்கள் கையில் எடுப்பதுதான் முறை. சிக்கல் என்னவென்றால், நீலகிரியில் ஏப்ரல் நடுவில் கன்று நட்டால் பாதிக்குப் பாதி காய்ந்துவிடும். தேதியை விட்டுக்கொடுக்கவும் மனசு வராது, கன்று சாவதையும் பார்க்க முடியாது. கோத்தகிரிப் பக்கம் இந்த ஆண்டு நடந்த நற்பணி நாளுக்கு எங்களிடமிருந்து நல்ல மதிப்பெண் கிடைப்பதற்குக் காரணம், இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான்.

அன்றைக்குப் பெரிய அளவில் கன்று நடவில்லை. படத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கையால் ஐந்து கன்று மட்டும் நட்டார்கள். அந்த ஐந்துக்கும் தினம் தண்ணீர் ஊற்றப் பள்ளியிலேயே ஆள் இருக்கிறது. மற்றபடி நாள் முழுக்க இரண்டே வேலை: போன வருஷக் கன்றுகளைப் பராமரிப்பது, இந்த வருஷத்துக்குக் குழி எடுப்பது. கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை இங்கே சாரலாகத்தான் வந்து சேரும். நல்ல மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு அடிக்கும், அதை நம்பி வேர் பிடிக்க விட முடியாது. ஆனால் குழி எடுக்க இதுதான் சரியான சமயம். வெட்டிப் போட்ட மண் ஒன்றரை மாதம் வெயிலில் காய்ந்தால் புழு, களை விதை எல்லாம் ஓரளவு அடங்கும். ஆனிச் சாரலில் கொஞ்சம், ஐப்பசியில் மீதி என்று நட்டுக்கொள்ளலாம். இதே நாளை ஊட்டியில் நடத்துகிறவர்கள் ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கே மார்கழி உறைபனியில் இளங்குருத்து கருகிப்போகும். ஜூனில் நட்டு, பனி வருவதற்குள் தண்டு முற்ற விட வேண்டும்.

குழி அளவில் கறாராக இருந்தார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. அளக்க ஒன்றரை அடிக்கு வெட்டிய மூங்கில் துண்டு ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவிக்கச் சொன்னார்கள். நடும்போது மேல்மண்தான் வேருக்குப் போக வேண்டும், இரண்டு கிலோ மக்கிய சாணத்தோடு கலந்து. சரிவில் குழிக்குக் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கரை கட்டினார்கள். பல இடங்களில் இதை மேல்பக்கம் கட்டிவிட்டு, தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று யோசிப்பார்கள். மேலிருந்து வருகிற தண்ணீரைத் தடுக்கக் கூடாது, வந்த தண்ணீரைப் போகவிடாமல் பிடிக்க வேண்டும். குழிக்குக் குழி ஏழடி இடைவெளி விட்டிருந்தார்கள். சோலை மரத்துக்கு அது போதும். தள்ளி நட்டால் நிழல் கூடுவதற்குள் கிக்குயு என்ற வெளிநாட்டுப் படர்புல் ஏறிவிடும்.

அந்தப் புல்தான் காலை முழுக்கப் பிழிந்தெடுத்தது. போன வருஷக் கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்கு வேரோடு கொத்தி எடுத்து, வேரை வெயிலில் மல்லாக்கப் போட்டு, அதன்மேல் மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு. மூடாக்கைத் தண்டோடு ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் தண்டு அழுகும். இலையில்லாமல் நின்ற கன்றுகளைக் கண்ணால் பார்த்துச் செத்தது என்று பிடுங்கவில்லை. தண்டின் மேல்பாதியில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுவது, பழுப்பாக இருந்தால் அரையடி கீழே இன்னொரு கீறல், அதுவும் பழுப்பு என்றால்தான் பிடுங்குவது. அப்படிப் பிடுங்கிய ஒன்றின் வேரை அங்கேயே எல்லோருக்கும் காட்டினார்கள். நட்டு ஒரு வருஷம் ஆகியும் வேர் பை இருந்த அளவைத் தாண்டவில்லை, உள்ளேயே சுற்றிச் சுருண்டு தண்டின் கழுத்தை நெரித்திருந்தது. நாற்றாங்காலில் ஒரே பையில் அதிக நாள் நின்ற கன்றுக்கு வரும் கேடு இது. வாங்கும்போது பையின் அடியில் வேர் தடியாக வெளியே வந்திருந்தால் வாங்கக் கூடாது. தெரியாமல் வாங்கிவிட்டால் நடும்போது சுருளை வெட்டிவிட வேண்டும்.

மதியம் மைக்கில் வாசித்தது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. போன வருஷம் நட்டதில் நாலில் ஒன்று பட்டுப்போனது என்று, எந்த இனம், எந்த மூலை, என்ன காரணம் என்பதோடு சொன்னார்கள். இத்தனை ஆயிரம் நட்டோம் என்று பேனர் வைக்கிற கூட்டங்கள் நிறைய உண்டு. இத்தனை போய்விட்டது என்று மேடையில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பட்டுப்போனதில் பெரும்பகுதி, கீழே சமவெளியிலிருந்து நன்கொடையாக வந்த புங்கனும் வேம்பும். ஏறக்குறைய 6,000 அடி உயரத்துக் குளிரில் அவை தேறாது. கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கி நடுவது கன்றுக்கும் நல்லதல்ல, அடுத்த வருஷம் வந்து பார்க்கிற அவருக்கும் நல்லதல்ல. இந்த முறை காட்டு நாவல், விக்கி, காட்டுச் செண்பகம் என்று மலை இனங்களை மட்டும் எழுதிக் கொடுத்து, பணமாகத்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். விக்கி மெதுவாகத்தான் வளரும், பழம் விழுந்தால் பறவையும் பிள்ளைகளும் பங்கு போடுவார்கள்.

இடத்தேர்விலும் தவறு இல்லை. ஓடைக்கரையை ஒட்டிய ஊர்ப் பொது நிலமும் பள்ளிக்குப் பின்சரிவும். மேட்டில் இருந்த புல்வெளி சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, அதில் கை வைக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. மடிப்பில் சோலை, மேட்டில் புல்வெளி என்பதுதான் இந்த மலையின் அமைப்பு. மழையைக் குடித்து ஊற்றாக விடுவதில் புல்லுக்கும் பங்கு உண்டு. வெறும் புல்தானே என்று 1840-களிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டுவந்து நிரப்பியதன் பலனை இன்றைக்கு வரை அனுபவிக்கிறோம். வனத்துறை நிலமாக இருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு குழிகூட வெட்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலியில்தான் கோட்டை விட்டார்கள். மூங்கில் கூண்டு கடமானுக்குக்கூடத் தாங்காது, காட்டெருமை வந்து ஒரு உரசு உரசினால் கூண்டும் கன்றும் சேர்ந்து சாயும். அதனால் முள் அடைக்கலாம் என்று பக்கத்தில் மண்டியிருந்த உண்ணிச்செடியை வெட்டிச் சுற்றிலும் போட்டார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் பச்சையாக, கருத்த பழத்தோடு போட்டுவிட்டார்கள். பழத்திலிருந்து விதை முளைக்கும், ஈரத்தில் கொம்பும் துளிர்க்கும். கன்றைக் காக்க வைத்த முள்ளே அடுத்த வருஷம் அதை மூடிவிடும். பழத்தை உதறிவிட்டு, வேர் மேலே இருக்கும்படி பாறைமேல் இரண்டு வாரம் காயவைத்த பிறகுதான் அடைக்க வேண்டும். எடுத்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டு, பாதியையாவது அப்போதே அப்புறப்படுத்தினார்கள்.

ரத்ததான முகாம் அளவாக இருந்தது. அப்படி இருக்கத்தான் வேண்டும். முழு ரத்தத்தை 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்தாலும் 35 நாள்தான் தாங்கும். சின்ன ரத்த வங்கியில் ஒரே நாளில் கொண்டுபோய்க் குவித்தால் ஒரு மாதம் கழித்து வீணாகும், அடுத்த மாதம் தட்டுப்பாடு வரும். வங்கி கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும் எடுத்துவிட்டு, மற்றவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, போன் எண் மூன்றையும் எழுதி, மூன்று தவணையாகக் கூப்பிட ஏற்பாடு செய்திருந்தார்கள். நீலகிரிப் பழங்குடி ஊர்களில் சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வருஷம் முழுக்க அவ்வப்போது ரத்தம் தேவைப்படும், ஏப்ரலில் மட்டும் அல்ல. 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 என்ற கணக்கை எல்லோரும் அறிவார்கள். ரசிகர் கூட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது பச்சை விஷயம். 12 மாதத்துக்குள் பச்சை குத்தியிருந்தால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். கையில் அவர் முகத்தைக் குத்திக்கொண்டு ஆசையாக வந்த இரண்டு இளைஞர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். கொடுத்தவர்களை இருபது நிமிடம் உட்காரவைத்து, அன்றைக்கு மண்வெட்டி பிடிக்கவும் பைக்கில் மலை இறங்கவும் கூடாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டது நல்ல காரியம். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றினால் அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். கீழே இருந்து வந்த சமையல்காரருக்கு இந்த உயரம் பழக்கமில்லை. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த அண்டாவில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் போட்டாலும் முழித்துக்கொண்டிருக்கும். அது வேகுவதற்குள் புளியையும் ஊற்றிவிட்டால் பிறகு குழையவே குழையாது. முதல் அண்டாவில் அதுதான் நடந்தது. உள்ளூர் அம்மா ஒருவர் வந்து, "பருப்பைக் குக்கர்ல போட்டுக் கொண்டாங்கப்பா, வெந்த பிறகு புளி" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது அண்டா சரியாக வந்தது. நூறு பேருக்கு அரிசி 8 கிலோ, பருப்பு 3 கிலோ, காய் 6 கிலோ, புளி 400 கிராம் என்று வைத்தால் போதும். அரிசியை அரை மணி ஊறவைத்து, தண்ணீரைக் கீழே வைப்பதைவிடக் கொஞ்சம் கூட வைக்க வேண்டும். குளிர் காற்றில் சாதம் பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது, ஹாட்பாக்ஸ் இன்னும் இரண்டு தேவை. பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் வைத்திருந்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருப்பதால் மட்டும் அல்ல, அதைத் தின்று மாடும் மானும் சாகின்றன என்பதால். கன்றுப் பைகளுக்கும் அதே கணக்குதான். "அண்ணே, பையைக் கிழிச்சு அங்கேயே போட்டுறாதீங்க, எண்ணி வாங்கணும்" என்று ஒரு தம்பி சாக்கோடு சுற்றிக்கொண்டே இருந்தான்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கம்பளி கொடுத்தது மட்டும் மனசுக்கு ஒட்டவில்லை. சித்திரையில் கம்பளி வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில்தான் வைப்பார்கள். கொடுத்ததும் மெலிசு, விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. அதே பணத்தில் இடுப்பில் கட்டும் கெட்டித் துணியான படங்கும் அட்டைக்கடி படாமல் இருக்க நீளச் சாக்ஸும் வாங்கியிருந்தால் ஜூனிலிருந்து தினமும் உதவும். கம்பளிதான் கொடுக்க வேண்டும் என்றால் விவேக் பிறந்த நாளான நவம்பர் 19 இருக்கவே இருக்கிறது. குளிர் தொடங்கும் நேரம், தரமானதாகக் குறைவான பேருக்குக் கொடுக்கலாம். இதற்காக ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நாலு.

அடுத்த வேலை ஜூன் சாரலில் குழி நிரப்பி நடுவது, அதற்கும் வெளியாட்கள் வரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் ஏறினால் இ-பாஸ் தொல்லை இல்லை. சொந்த வண்டி என்றால், டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் தவிர மற்றதெல்லாம், இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கேட்பார்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், சரிவில் வழுக்கும். முழுக்கால் பேன்ட், பழைய கையுறை, ஒரு டம்ளர், ஒரு தட்டு கொண்டுவந்தால் போதும். மண்வெட்டி அங்கே இருக்கிறது. கன்று வாங்கி வராதீர்கள்.