குரலுக்காகச் செய்த சிறு மாற்றங்கள்: மூன்று ஆண்டு வகுப்பறை அனுபவம்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பெருந்தொற்றுக்குப் பின் 2021 செப்டம்பர் 1 அன்று எங்கள் வகுப்புகள் திறந்தபோது, பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தியிருந்ததால் ஒரே பாடத்தை இரண்டு முறை, அதுவும் முகக்கவசத்தோடு, நடத்த வேண்டியிருந்தது. அடுத்த கோடைக்குள் குரல் கரகரத்து, மாலையில் வீட்டில் பேசுவதே வலியாகிவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன, இப்படியே தொடர்ந்தால் அவற்றில் முடிச்சுகள் விழும் என்று எச்சரித்தார். பெண்களின் குரல் நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றன. அதாவது ஒரு நிமிடத்துக்கு 12,000 மோதல்கள். ஒலி பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் நான் இந்தக் கணக்கை என் தொண்டைக்குப் போட்டுப் பார்த்தது அன்றுதான்.

2022 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, தலையில் மாட்டும் மைக்கும் இடுப்பில் கட்டும் சிறிய ஸ்பீக்கரும் கொண்ட கருவி ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வாரம் ஏமாற்றமாகவே இருந்தது. சேலைக்கு மேல் இடுப்புப் பட்டையைக் கட்டினால் முந்தானை ஸ்பீக்கரை மூடி ஒலியை அமுக்கிவிடுகிறது. குனிந்து ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்தால் மைக் ஸ்பீக்கரை நெருங்கி, காதைக் கிழிக்கும் கீச்சொலி எழுகிறது. பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டி, ஸ்பீக்கரை வலப்பக்கமாகத் தள்ளி வைத்த பிறகே இரண்டும் தீர்ந்தன. ஒலியளவைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை. வைத்தால் பக்கத்து வகுப்புக்குத் தொல்லை. தவிர, மைக் இருக்கிறதே என்று நாம் மேலும் உரக்கப் பேசத் தொடங்கிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலிலேயே மைக்கிலும் பேசப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

மூன்று ஆண்டுகளில் மைக்கின் பஞ்சு உறையை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் செருகியின் அருகே வயர் அறுந்தது. கடையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நாள் முழுதும் நின்ற சார்ஜ் இப்போது நான்கு பாடவேளைகளுக்கு மேல் தாங்குவதில்லை என்பதால் மதிய உணவு நேரத்தில் மீண்டும் சார்ஜ் போடுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்யும்போது இந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுவதே நல்லது.

கருவி மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் விளக்கினார். வகுப்பில் இது இரு பக்கமும் நடக்கிறது: பிள்ளைகள் பேசுகிறார்கள், நான் கத்துகிறேன், அதையும் மீறி அவர்கள் பேசுகிறார்கள். ஆகவே "அமைதி" என்று கத்துவதை நிறுத்தி, கையை உயர்த்திப் பேசாமல் நிற்கத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். குடிக்கும் நீர் உணவுக்குழாய் வழியே போகிறதே தவிர, குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடம்பு முழுதும் நீர்ச்சத்து இருந்தால்தான் அவை ஈரமாக இருக்கும் என்பதால், தொண்டை காய்ந்த பிறகு அவசரமாகக் குடிப்பதில் பெரிய பயனில்லை. ஆனால் நல்ல கழிப்பறை இல்லாத பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியைகள் காலை முதல் மாலை வரை தண்ணீரையே தவிர்க்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். கேரளப் பள்ளிகளில் 2019-இல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். அதைச் சொல்லி, எங்கள் ஆசிரியைகள் ஐந்து பேர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் பேசி, பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறையைத் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் வைத்துத் திறக்கச் செய்தோம். இப்போது ஒரு லிட்டர் பாட்டில் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. என் குரலுக்கு மைக்கை விட இந்தத் தாழ்ப்பாளே அதிகம் உதவியது என்று உறுதியாக நம்புகிறேன்.

சாக்பீஸையும் மாற்றினேன். ஜிப்சத்தால் ஆன வழக்கமான சாக்பீஸின் நுண்தூள் காற்றில் மிதக்கிறது. தூசி குறைந்தது என்று விற்கப்படும் கால்சியம் கார்பனேட் வகையில் துகள்கள் கனமாக இருப்பதால் கீழே விழுந்துவிடுகின்றன. விலை கூடுதல், எழுத்து சற்று மங்கல். பலகையை ஈரத்துணியால் துடைத்தாலே தூசித் தொல்லை பெருமளவு குறைவதால், கைக்காசு போட்டு அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

கடந்த கோடையில் மீண்டும் பரிசோதித்தபோது வீக்கம் இல்லை. தொண்டையைக் கனைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அடுத்த கருவி வாங்கும்போது வயர் இல்லாத மைக்கும், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியும் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். பழையதைப் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.