டப்பிங்கா, மலாய் சப்டைட்டிலா? பிள்ளையோடு ஈரானியப் படம் பார்க்க எது தோது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மகளோடு வெளிநாட்டுப் படம் பார்க்க இரண்டு வழிதான். ஒன்று, தமிழில் டப்பிங் செய்தது. இன்னொன்று, மூல மொழியின் குரலை அப்படியே விட்டுவிட்டு, கீழே மலாய் சப்டைட்டில். நாங்கள் இரண்டாவதற்கு மாறிவிட்டோம். இனித் திரும்பிப் போகும் எண்ணமில்லை.

டப்பிங்கின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாசிக்க வேண்டாம், பிள்ளையை டிவி முன்னால் விட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கலாம். ஆனால் தமிழ் டப்பிங் பெரும்பாலும் ஹாலிவுட் படங்களோடு நின்றுவிடுகிறது. ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ போன்ற பாரசீக மொழிப் படத்தைத் தமிழ்க் குரலில் தேடினால் பொழுதுதான் போகும். (அதைத் தழுவி 2022இல் தமிழில் ‘அக்கா குருவி’ வந்தது. அது தனிப் படம், இந்தக் கணக்கில் வராது.)

இந்தப் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அலி, வரும் வழியில் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் அப்பாவால் வேறு வாங்க முடியாது. அதனால் பெற்றோர் அதே அறையில் இருக்க, இரண்டு பேரும் பள்ளி நோட்டில் எழுதி எழுதியே பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அவர்கள் பேச்சுக்குக் குரல் கொடுக்க அங்கே வசனமே இல்லை. எழுத்தை வாசித்தால்தான் கதை புரியும். மகள் திரைக்குப் பக்கத்தில் போய், “அம்மா, இவங்களும் ஜாவியிலதான் எழுதுறாங்களா?” என்றாள். மலாயை எழுதும் ஜாவியும் பாரசீக எழுத்தும் அரபு எழுத்திலிருந்து வந்தவை என்று அப்போதுதான் பேச வாய்த்தது.

சரி, சப்டைட்டிலில் உண்மையான சிக்கல் வாசிக்கும் வேகம். நெட்ஃபிளிக்ஸ் விதிப்படி ஆங்கில சப்டைட்டில் ஒரு வரியில் 42 எழுத்துவரை போகலாம், அதிகபட்சம் இரண்டு வரி, 7 நொடிக்கு மேல் திரையில் நிற்காது. மற்ற இடங்களிலும் ஏறத்தாழ இப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு இது ஓட்டம்தான். ஆங்கிலத்தை விட மலாய் எளிது, எழுதியபடியே வாசிக்கலாம். ஆனால் முன்னும் பின்னும் ஒட்டு சேர்ந்த நீளமான சொல் வந்தால் மகள் அதிலேயே நின்றுவிடுவாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி: தொடக்கத்தில் நான் மலாயைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். பாத்திரங்கள் பிடிபட்டதும் சிறு வரிகளை அவள் வாசிப்பாள், நீள வரிகள் எனக்கு. ரிமோட் அவள் கையில், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆக, சப்டைட்டில் என்றால் பெற்றவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் பெரிய லாபம். நிறுத்திய இடத்தில்தான் கேள்வி வருகிறது. அப்பா முன்னால் மசூதிக்காக உடைக்கும் சர்க்கரை குவிந்து கிடக்க, தன் தேநீருக்கு அதிலிருந்து ஒரு கட்டிகூட எடுக்காத காட்சியில் மகள் நிறுத்தி, ஏன் என்று கேட்டாள். டப்பிங்காக இருந்தால் நான் சமையலறையில் இருந்திருப்பேன்.

சில இடங்களில் விளக்கமே வேண்டாம். தங்கைக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்கு மதியப் பள்ளி என்பது, காலை, மதியம் என இரண்டு நேரப் பள்ளி இருக்கும் இங்கே எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் சின்னவனுக்கு இது சரிவருமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அவனுக்கு டப்பிங் கார்ட்டூன்தான். ஜப்பானியப் படங்களை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. வசனம் வேகமாக வரும் படமென்றால் முடிவு மாறலாம். அப்புறம், இது 89 நிமிடப் படம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்துப் போடுங்கள்.